ஆங்கில வாக்கியத்தின் தலைவாசலில் எந்தச் சொல் நிற்கலாம்?

1611ஆம் ஆண்டில் அச்சேறிய ஆங்கில பைபிளின் முதல் அதிகாரத்தில் 31 வசனங்கள் இருக்கின்றன. அவற்றுள் 29 வசனங்கள் 'அண்ட்' என்ற சொல்லோடு தொடங்குகின்றன. எஞ்சிய இரண்டில் முதல் வசனம் 'இன் த பிகினிங்' என்று தொடங்குகிறது. 27ஆம் வசனம் 'ஸோ' என்று தொடங்குகிறது. பல நூற்றாண்டுகளாக ஆங்கில உரைநடைக்கு ஓசையும் நடையும் கற்றுக்கொடுத்த நூல் அது. பல பள்ளிகளில் இன்றும் சொல்லித்தரப்படும் ஒரு விதியின்படி பார்த்தால், அந்த 29 இடங்களும் பிழை. 27ஆம் வசனத்தையும் சேர்த்தால் 30.

'அண்ட்', 'பட்', 'ஆர்', 'ஸோ', 'பிகாஸ்' ஆகிய சொற்களால் ஆங்கில வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்பதுதான் அந்த விதி. நானும் அப்படியே படித்தேன். பள்ளி நாட்களில் நான் எழுதிய ஒரு கட்டுரையில் 'பட்' என்று தொடங்கிய நான்கு வாக்கியங்கள் சிவப்பு மையால் அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தன. காரணம் கேட்டேன். "இணைப்புச் சொல் என்றால் இரண்டுக்கு நடுவில்தான் நிற்க வேண்டும்" என்று பதில் வந்தது. கேட்பதற்கு நியாயமாக இருந்ததால் பல ஆண்டுகள் அதை நம்பினேன். ஆங்கில நாளிதழ்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் கூர்ந்து படிக்கத் தொடங்கிய பிறகுதான், நன்றாக எழுதுகிறவர்கள் அந்த விதியைப் பொருட்படுத்துவதே இல்லை என்று தெரிந்தது. இன்றும் ஒரு மின்னஞ்சல் எழுதும்போது 'பட்' என்று தட்டிவிட்டு, பயந்து அழித்துவிட்டு, 'ஹவெவர்' என்று மாற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களுடைய பயத்தைப் போக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதைவிட முக்கியமான இன்னொன்றும் இருக்கிறது: உண்மையிலேயே கவனிக்க வேண்டிய இடங்கள் வேறெங்கோ இருக்கும்போது, இந்தப் பொய்விதி நம் கவனம் முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

முதலில் வரலாறு. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆல்ஃபிரட் மன்னர் காலத்தில் தொகுக்கத் தொடங்கிய ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்புகளில் 'மேலும், மேலும்' என்று இந்த 'அண்ட்' தொடர்ந்து வருகிறது. அந்தக் காலத்து எழுத்தர்கள் அதை முழுதாக எழுதாமல், 7 என்ற எண்ணைப் போன்ற ஒரு சுருக்கக் குறியால் குறித்தார்கள். அவ்வளவு அடிக்கடி தேவைப்பட்ட சொல் அது. ஷேக்ஸ்பியரின் 130ஆம் சானெட், காதலியின் அழகைப் பற்றிய பொய்ப்புகழ்ச்சிகளை எல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு, கடைசி இரண்டு அடிகளில் 'அண்ட் யெட்' என்று திரும்புகிறது. கவிதையின் உயிரே அந்தத் திருப்பத்தில் இருக்கிறது. 1776இல் எழுதப்பட்ட அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் கடைசி வாக்கியம் 'அண்ட்' என்று தொடங்குகிறது. அரசைத் தூக்கியெறியும் உரிமையைப் பேசும் இடத்தில் ஒரு வாக்கியம் 'பட்' என்று தொடங்குகிறது. 1863இல் ஆபிரகாம் லிங்கன் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் ஆற்றிய மிகச் சிறிய உரையிலும், இந்த மண்ணைப் புனிதப்படுத்த நாம் யார் என்று பேச்சு திரும்பும் இடத்தில் முதல் சொல் 'பட்'தான். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறு எதை வைத்தாலும் அந்தத் திருப்பத்தின் கனம் குறைந்துவிடும்.

அப்படியானால் தடை எங்கிருந்து வந்தது? அச்சில் கிடைக்கும் பழைய கண்டனங்களில் ஒன்று 1868ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் மூன் என்ற மொழி விமர்சகர், வாக்கியத்தை 'அண்ட்' என்று தொடங்குவது படித்தவர்களுக்கு அழகல்ல என்று எழுதினார். அது இலக்கணத் தீர்ப்பு அல்ல. நாகரிகம் பற்றிய ஒருவருடைய கருத்து. ஆனால் வகுப்பறைக்கு அது வசதியாக இருந்தது. சிறு குழந்தைகள் கதை எழுதினால் 'அப்புறம், அப்புறம், அப்புறம்' என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் 'அண்ட்' போட்டே கோப்பார்கள். அதை நிறுத்த ஆசிரியர் ஒரு தடை போடுகிறார். எட்டு வயதில் அந்தத் தடை பயன் தரும். குறை என்னவென்றால், பதினெட்டு வயதில் அதை நீக்கி யாரும் அறிவிப்பதில்லை. குழந்தை வளர்ந்து ஆசிரியராகி, அதே தடையை விதி என்ற பெயரில் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிடுகிறது.

ஆங்கில நடையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி பெற்ற நூல்கள் ஒருமுகமாகவே பேசியிருக்கின்றன. ஃபௌலரின் புகழ்பெற்ற ஆங்கில வழக்கு அகராதி 1926இல் வெளிவந்தது. எர்னஸ்ட் கவர்ஸ் அதை 1965இல் திருத்திப் பதிப்பித்தபோது, 'அண்ட்' என்று தொடங்குவது குற்றம் என்ற எண்ணத்தை மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கும் மூடநம்பிக்கை என்றே குறிப்பிட்டார். அமெரிக்கப் பதிப்பகங்கள் பெரிதும் நம்பும் சிகாகோ நடைக் கையேடு, இந்தத் தடைக்கு வரலாற்று ஆதாரமோ இலக்கண ஆதாரமோ இல்லை என்கிறது. அதோடு நிற்காமல், முதல்தரமான எழுத்தில் பத்து சதவீதம் வரையிலான வாக்கியங்கள் இணைப்புச் சொற்களில் தொடங்குவது உண்டு என்றும் சொல்கிறது. பத்தில் ஒன்று என்பது சிறிய அளவல்ல.

தமிழில் எழுதுகிறவருக்கு இந்தத் தடை ஏன் விசித்திரமாகத் தோன்ற வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் மொழியில் 'அண்ட்' செய்யும் வேலையைச் செய்வது 'உம்' என்ற இடைச்சொல். இடைச்சொல் தனித்து இயங்காது, பெயரையோ வினையையோ சார்ந்தே வரும் என்று நன்னூல் வரையறுக்கிறது. 'வானத்தையும் பூமியையும்' என்று சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வாழும் 'உம்' எப்படி ஒரு வாக்கியத்தைத் தொடங்க முடியும்? அது உண்மையான இலக்கணத் தடை. யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லாத தடை. அதனால்தான் தமிழ் பைபிளில் அதே முதல் அதிகாரத்தை மொழிபெயர்த்தவர்கள் 'அண்ட்' இருந்த இடங்களில் ஒன்றும் போடாமல் விட்டார்கள், அல்லது 'பின்பு' என்று போட்டார்கள். ஆங்கில 'அண்ட்' தனிச்சொல். அது எதன் வாலிலும் ஒட்டுவதில்லை. 'ஆனால்', 'எனவே', 'அல்லது' ஆகியவை தமிழில் எப்படித் தயக்கமில்லாமல் முன்னே வந்து நிற்கின்றனவோ, அப்படி நிற்கும் முழு உரிமை அதற்கு உண்டு. ஒவ்வொரு நாளும் 'ஆனால்' என்று வாக்கியத்தைத் தொடங்குகிறவர், 'பட்' என்று தொடங்க அஞ்சுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஒரே ஒரு சின்ன எச்சரிக்கை. 'பட்', 'அண்ட்' என்று தொடங்கினால் அவற்றை அடுத்துக் காற்புள்ளி தேவையில்லை. பலர் 'ஹவெவர்' என்ற சொல்லின் பழக்கத்தில் இங்கும் காற்புள்ளி வைத்துவிடுகிறார்கள். அது வாக்கியத்தை முதல் அடியிலேயே இடறச் செய்கிறது.

'பிகாஸ்' விஷயம் கொஞ்சம் வேறு. இங்கே தடைக்குப் பின்னால் ஒரு உண்மையான பிழை ஒளிந்திருக்கிறது. 'ஆட்டம் ஏன் நின்றது?' என்ற கேள்விக்கு மாணவர் 'பிகாஸ் இட் ரெயின்ட்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைக்கிறார். பேச்சில் அது முழுப் பதில். எழுத்தில் அது துண்டு வாக்கியம். காரணம் மட்டும் இருக்கிறது, அது எதற்குக் காரணம் என்ற பகுதி இல்லை. அந்தத் துண்டைத் தடுக்க நினைத்தவர்கள் 'பிகாஸ்' என்ற சொல்லையே வாசலில் நிறுத்திவிட்டார்கள். 'பிகாஸ் இட் ரெயின்ட், த கேம் வாஸ் ஸ்டாப்ட்' என்று எழுதினால் அது குறையே இல்லாத வாக்கியம். 1890இல் முதன்முதலாக அச்சான எமிலி டிக்கின்சனின் மிகப் புகழ்பெற்ற கவிதை 'பிகாஸ்' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. மரணத்துக்காகத் தன்னால் நிற்க முடியாமல் போனதால் மரணமே தனக்காக நின்றது என்கிறது. காரணம் முன்னே, விளைவு பின்னே.

தமிழ் மனத்துக்கு இதுதான் இயல்பான வரிசை. 'மழை பெய்ததால் ஆட்டம் நின்றது' என்கிறோம். காரணத்தை முதலில் சொல்லிவிட்டு வினைமுற்றில் போய் முடிப்பது நம் மொழியின் நடை. 'பிகாஸ்' முன்னே வரக் கூடாது என்று ஒரு தமிழ் மாணவரிடம் சொல்லும்போது, அவர் சிந்திக்கும் வரிசையையே ஒவ்வொரு முறையும் தலைகீழாகப் புரட்டச் சொல்கிறோம். தேவையே இல்லாத சுமை. அதைவிட, 'காரணத்தைச் சொல்லிவிட்டால் விளைவையும் சொல்லி முடி' என்று கற்றுக்கொடுத்தால் துண்டு வாக்கியமும் வராது, தடையும் வேண்டாம்.

நம்மவர்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது 'ஆல்தோ' என்ற சொல்லை. 'மழை பெய்தாலும்' என்று தொடங்கிவிட்டு 'ஆனாலும் நாங்கள் போனோம்' என்று முடித்தால் தமிழ் பொறுத்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் 'ஆல்தோ இட் ரெயின்ட், பட் வீ வென்ட்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலம் பொறுத்துக்கொள்ளாது. 'ஆல்தோ' முதலில் வந்ததுமே, முரண் ஒன்று வரப்போகிறது என்று சொல்லியாகிவிட்டது; 'பட்' அதையே இரண்டாம் முறை சொல்கிறது. இரண்டில் ஒன்று போக வேண்டும்.

'ஹவெவர்' பற்றி ஒரு வழக்கு நெடுநாளாக நடக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் தன் மாணவர்களுக்காக அச்சிட்ட சிறு நடைநூலில், 'ஆயினும்' என்ற பொருளில் இந்தச் சொல் வாக்கியத்தின் முதலில் வரக் கூடாது என்றார். 1959இல் அந்த நூல் விரிவாக்கிப் பதிப்பிக்கப்பட்டுப் பெரும் செல்வாக்குப் பெற்றபோது இந்த அறிவுரையும் கூடவே பரவியது. இதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தச் சொல்லுக்கு இரண்டு வாழ்க்கை. 'ஹவெவர் ஹார்ட் ஹீ ட்ரைட்' என்றால் 'அவன் எவ்வளவுதான் முயன்றாலும்' என்று பொருள். 'ஹவெவர், ஹீ ட்ரைட் ஹார்ட்' என்றால் 'ஆயினும் அவன் கடுமையாக முயன்றான்' என்று பொருள். முதல் சொல் ஒன்றுதான். வாசகர் எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதை ஒரு காற்புள்ளி தீர்மானிக்கிறது. ஸ்ட்ரங்க் சொன்ன தடையை இன்று பெரும்பாலான ஆங்கில எழுத்தாளர்கள் ஏற்பதில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் காற்புள்ளியை மட்டும் விட்டுவிடாதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 'பட்' போதுமான இடத்தில் 'ஹவெவர்' போடுவது, இரண்டு அடி தூரத்தைத் தாண்ட ஏணி கொண்டுவருவதுபோல இருக்கும். 'பட்' ஒற்றை அசை. அது திரும்பிவிட்டு நகர்ந்துவிடும்.

'ஹோப்ஃபுல்லி' மீது நடந்த சண்டை இன்னும் கடுமையானது. 'நம்பிக்கையோடு' என்பது அதன் பழைய பொருள். 'ஹோப்ஃபுல்லி, இட் வில் ரெயின்' என்று சொன்னால், யார் நம்பிக்கையோடு இருக்கிறார், மழையா என்று 1960களிலிருந்து இலக்கணக் காவலர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கேள்வி நிற்காது. 'ஃபிராங்க்லி', 'ஸாட்லி', 'லக்கிலி' ஆகியவை முழு வாக்கியத்தைப் பற்றிய பேசுபவரின் மனநிலையைச் சொல்லி முன்னால் நிற்கின்றன. அவற்றை எவரும் எதிர்க்கவில்லை. 'ஸாட்லி, ஹீ டைட்' என்றால் இறந்தவர் சோகமாக இருந்தார் என்று யாரும் பொருள்கொள்வதில்லை. அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் தன் நடைக் கையேட்டில் 2012 ஏப்ரலில் 'ஹோப்ஃபுல்லி'யின் புதிய பொருளை ஏற்றுக்கொண்டது. செய்தி அறைகளைப் பொறுத்தவரை வழக்கு அத்தோடு முடிந்தது.

இதுவரை சொன்னவை எல்லாம் இல்லாத தடைகளைப் பற்றியவை. இருக்கிற கட்டுப்பாடு எது என்று கேட்டால், 'நெவர்' என்ற சொல்லைக் காட்டுவேன்.

'ஐ ஹேவ் நெவர் சீன் இட்' என்பது சாதாரண வாக்கியம். 'நெவர்' என்ற சொல்லை அழுத்தத்துக்காக முன்னே கொண்டுவாருங்கள். உடனே 'ஹேவ்' எழுந்து எழுவாயைத் தாண்டி முன்னே வந்துவிட வேண்டும்: 'நெவர் ஹேவ் ஐ சீன் இட்'. 'நெவர் ஐ ஹேவ் சீன் இட்' என்று எழுதினால் ஆங்கிலம் பேசுகிற எவருக்கும் காதில் முள் குத்தும். 'ரேர்லி', 'செல்டம்', 'ஹார்ட்லி', 'லிட்டில்', 'நார்', 'நாட் ஒன்லி', 'நோ ஸூனர்' என்று எதிர்மறையோ எதிர்மறைச் சாயலோ உள்ள சொற்கள் முதலிடத்துக்கு வரும்போதெல்லாம் இது நடக்கும். முன்னே வர ஒரு துணைவினை இல்லையென்றால் 'டூ' அல்லது 'டிட்' என்று ஒன்றை வரவழைக்க வேண்டும். 'ஒன்லி தென் டிட் ஹீ ஸ்பீக்' என்பதில் அந்த 'டிட்' வந்தது அப்படித்தான். இதே 'ஒன்லி' எழுவாயை ஒட்டி நின்றால் எதுவும் நகராது: 'ஒன்லி ஹீ ஸ்போக்', அவன் மட்டுமே பேசினான். அப்போதுதான் பேசினான் என்பதற்கும் அவன் மட்டுமே பேசினான் என்பதற்கும் இடையில் வாக்கியத்தின் எலும்புக்கூடே மாறிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று ஓர் இணை. 'ஆட் நோ டைம்' என்றால் 'எக்காலத்திலும் இல்லை'. 'இன் நோ டைம்' என்றால் 'நொடியில்'. இரண்டிலும் 'நோ' இருக்கிறது. ஆனால் 'ஆட் நோ டைம் டிட் ஹீ ஃபினிஷ்' என்று வினை முன்னே வர வேண்டும். 'இன் நோ டைம் ஹீ ஃபினிஷ்ட்' என்று இயல்பான வரிசையே போதும். முதலாவது வாக்கியம் முழுவதையும் மறுக்கிறது. இரண்டாவதில் வேலை நடந்துவிட்டது. மறுப்பு அந்தச் சொற்றொடருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 'நாட் லாங் அகோ, இட் ரெயின்ட்' என்பதிலும் அப்படியே: 'நாட்' முதலில் நிற்கிறது, ஆனால் மழை பெய்தது உண்மை, எனவே எதுவும் இடம் மாறவில்லை. இந்த வேறுபாட்டை ஆங்கிலம் பேசி வளர்ந்த குழந்தைக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. அது பிழையாகப் பேசுவதும் இல்லை. நமக்குத்தான் சொல்லித்தர வேண்டும். 'அண்ட்' போடாதே என்று சொல்லும் நேரத்தில் இதைச் சொல்லித்தந்திருக்கலாம்.

இந்த நடத்தை எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில் இன்றும் 'இன்று' என்று தொடங்கினால் வினை அடுத்த இடத்துக்கு வந்துவிடும், 'இங்கே' என்று தொடங்கினாலும் அப்படியே. முதலிடத்தில் எது வந்தாலும் இரண்டாமிடம் வினைக்கு. பழைய ஆங்கிலத்திலும் இந்தப் போக்கு வலுவாக இருந்தது; 'அப்போது' என்று பொருள்படும் சொல் முதலில் வந்தால் வினை தொடர்ந்து வரும். காலப்போக்கில் ஆங்கிலம் எழுவாயை வினைக்கு முன்னே நிறுத்தப் பழகிக்கொண்டது. பழைய ஒழுங்கு சில மூலைகளில் மட்டும் தங்கிவிட்டது. எதிர்மறைச் சொற்கள் ஒரு மூலை. இடச்சொற்கள் இன்னொரு மூலை: 'ஹியர் கம்ஸ் த பஸ்' என்கிறோம். பஸ் என்பதற்குப் பதிலாக 'இட்' என்ற பிரதிப்பெயர் வந்தால் அது மறுபடியும் முன்னே போய்விடும்: 'ஹியர் இட் கம்ஸ்'. பிரதிப்பெயர் சுட்டுவது இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒன்று. கடைசி இடம் புதிய செய்திக்கு உரியது. தெரிந்தது அங்கே நிற்பதை ஆங்கிலம் விரும்புவதில்லை.

தமிழோடு ஒப்பிட்டால் முதல் சொல்லின் பொறுப்பு இன்னும் தெளிவாகும். தமிழில் தீர்ப்பு கடைசிச் சொல்லில் இருக்கிறது. 'அவன் நேற்று ஊரிலிருந்து' என்பது வரை கேட்டவருக்கு எதுவும் தெரியாது. 'வந்தான்', 'வந்தானா', 'வரவில்லை' என்பதில் எது வருகிறதோ அதுதான் முழு வாக்கியத்தையும் தீர்மானிக்கிறது. ஆங்கிலம் அந்தத் தீர்மானத்தில் பெரும்பகுதியை முதல் சொல்லிலேயே எடுத்துவிடுகிறது. 'இஸ்', 'கேன்', 'டிட்' என்று தொடங்கினால் கேள்வி. வெறும் வினை முதலில் நின்றால் பெரும்பாலும் ஏவல். 'ஹேட் ஐ நோன்' என்று தொடங்கினால் 'இஃப்' இல்லாமலே 'தெரிந்திருந்தால்' என்ற நிபந்தனை. எந்தச் சொல்லை முதலில் வைக்கலாம் என்று கேட்பதைவிட, இந்தச் சொல்லை முதலில் வைத்தால் பின்னால் எதைச் செய்துமுடிக்க வேண்டியிருக்கும் என்று கேட்பது பயன் தரும்.

முதல் சொல்லால் வாக்கியம் இப்படிப் படும் கடனை எவ்வளவு நேரம் நிலுவையில் வைக்கலாம்? மில்டன் 1667இல் வெளியிட்ட பெருங்காப்பியம் 'ஆஃப்' என்ற முன்னிடைச் சொல்லில் தொடங்குகிறது. மனிதனின் முதல் மீறலைப் பற்றி, விலக்கப்பட்ட கனியைப் பற்றி என்று அடுக்கிக்கொண்டே போய், 'பாடு' என்ற வினை ஆறாவது அடியில் வருகிறது. அது மில்டனுக்கு ஆகும். அலுவலகக் கடிதத்தில் இரண்டாவது வரிக்குள் வினை வந்துவிடுவது நல்லது.

'-இங்' என்று முடியும் சொல்லால் தொடங்கும்போது ஏற்படும் கடன் தனி வகை. 'வாக்கிங் அலாங் த ரிவர், த ட்ரீஸ் லுக்ட் க்ரீன்' என்று எழுதினால், ஆற்றோரம் நடந்தது மரங்கள் என்றாகிவிடும். நடந்தவர் யாரோ அவரே காற்புள்ளிக்குப் பின் எழுவாயாக வர வேண்டும். தமிழ் இலக்கணம் அறிந்தவருக்கு இது புதிய செய்தி அல்ல. 'செய்து' போன்ற வினையெச்ச வாய்பாடுகளைப் பற்றிப் பேசும் தொல்காப்பியம், 'முதல்நிலை மூன்றும் வினைமுதல் முடிபின' என்கிறது. எச்சத்தின் வினையைச் செய்தவரே முற்றின் வினையையும் செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. 'ஆற்றோரம் நடந்து மரங்கள் பச்சையாக இருந்தன' என்று நாம் எழுதுவோமா? 'நடந்தபோது' என்று மாற்றுவோம். செய்பவர் வேறுபட்டால் தமிழில் 'செய' என்னும் வாய்பாடு கைகொடுக்கும்: 'மழை பெய்ய, பயிர் செழித்தது'. ஆங்கிலத்திலும் அதற்கு நேரான வழி உண்டு. 'பீயிங் எ ஹாட் டே, வீ ஸ்டேய்ட் அட் ஹோம்' என்பது பிழை, ஏனென்றால் வெயில் நாளாக இருந்தது நாங்கள் அல்ல. முன்னால் 'இட்' சேர்த்து, நாளுக்கு அதன் சொந்த எழுவாயைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும். ஆங்கில வகுப்பில் இதைப் புரியாத விதியாக மனப்பாடம் செய்த காலத்தில், தமிழ் வகுப்பில் இதன் விளக்கத்தையே படித்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் யாரும் சேர்த்துக் காட்டவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

சட்ட மொழியைப் பற்றி ஒரு வரி. 'வேராஸ்', 'ப்ரொவைடட் தட்', 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்று தொடங்கும் வாக்கியங்கள் சட்டங்களிலும் ஒப்பந்தங்களிலும் மலிந்திருக்கின்றன. அந்த முதல் சொல்லைப் பார்த்தவுடன், வரப்போவது முகவுரையா, விலக்கா, மற்ற எல்லாவற்றையும் மீறும் பிரிவா என்று வழக்கறிஞர் கண்டுகொள்வார்.

எண்களும் சிறிய எழுத்துப் பெயர்களும் இலக்கணத்தைச் சேர்ந்தவை அல்ல, அச்சு மரபைச் சேர்ந்தவை. ஆங்கில வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். எண்ணுக்குப் பெரிய எழுத்து கிடையாது. அதனால் வாக்கியத்தின் முதலில் எண் வந்தால் அதைச் சொல்லாக எழுத வேண்டும் என்பது பொது மரபு. ஆண்டுகளுக்கு மட்டும் அசோசியேட்டட் பிரஸ் கையேடு விலக்கு அளிக்கிறது. சிகாகோ கையேடு 2024இல் வந்த 18ஆம் பதிப்பில் அதே விலக்கை ஏற்றது. 'ஐபோன்', 'ஈபே' போன்ற பெயர்களின் முதல் எழுத்து சிறியது. வாக்கியத்தின் தொடக்கத்தில் அதைப் பெரிதாக்கச் சொல்கிறது முதல் கையேடு. அடுத்த எழுத்தே பெரியதாக இருப்பதால் அப்படியே விடலாம் என்கிறது இரண்டாவது. எந்தக் கையேட்டின்படி எழுதுகிறீர்களோ அதைக் கடைசிவரை பின்பற்றினால் போதும்.

இத்தனைக்கும் பிறகு, வாக்கியத்தின் முதலில் நிற்கவே முடியாத ஆங்கிலச் சொல் ஏதாவது உண்டா? உண்டு, மிகச் சில. 'நாட்' என்பது தேய்ந்து 'டோன்ட்', 'கான்ட்' ஆகியவற்றின் வாலாக ஒட்டிக்கொள்ளும் அந்தத் துண்டு, நம் 'உம்' போலவே, தனித்து நிற்காது. உடைமையைக் காட்டும் 'எஸ்' துண்டும் அப்படியே. 'கூட' என்ற பொருளில் வரும் 'டூ' பெரும்பாலும் முன்னே வராது. 'டூ மெனி' என்று 'மிகையான' என்ற பொருளில் வரும் அதன் இன்னொரு வடிவம் தாராளமாக வரும். எதிர்மறை வாக்கியத்தின் கடைசியில் 'உம்' என்ற பொருளில் நிற்கும் 'ஐதரு'க்கும் முன்வாசல் அடைத்திருக்கிறது. 'ஏராளமாக' என்று பொருள்படும் 'கலோர்' எப்போதும் தன் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால்தான் நிற்கும்.

இவற்றுள் தமிழருக்கு நெருக்கமானது 'அகோ'. ஆங்கிலம் 'இன்', 'ஆஃப்டர்', 'பிஃபோர்' என்று காலச் சொற்களைப் பெயருக்கு முன்னால் வைக்கும் மொழி. அந்தக் கூட்டத்தில் 'அகோ' மட்டும் 'மூன்று ஆண்டுகளுக்கு முன்பு' என்பதில் நம் 'முன்பு' நிற்கும் இடத்தில், பெயருக்குப் பின்னால் போய் நிற்கிறது. எவ்வளவு காலம் என்று சொல்லாமல் அதை உச்சரிக்கவே முடியாது. ஆகவே அது முதல் சொல்லாகவும் முடியாது. ஒரே ஒரு வகை வாக்கியத்தில் மட்டும் அதற்கு இடம் கிடைக்கிறது. சொல்லைக் காலத்துக்காக இல்லாமல், சொல்லாகவே எடுத்துப் பேசும்போது, '"அகோ" என்பது மூன்று எழுத்துச் சொல்' என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். அப்போது அது எழுவாயாகி, பெரிய 'ஏ'யோடு, வரியின் முதலில் வந்து நிற்கும்.